என் கழுத்துக்கு இரண்டு வைத்தியர்

பாப்பா,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன்; கோபம் முந்திக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டது. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, பின்னால் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிறது, கூப்பிட்டால் வரும். எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோணல் புத்தியில் இல்லை, விரலில். மூன்று வாரமாக என் வலது கை விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. விரல்களுக்காவது மரத்துப்போனது என்ற நியாயம் இருக்கிறது, உனக்கு என்ன வந்தது? ஒரே வீட்டில் இருந்துகொண்டு "அவருக்கு காபி வேணுமான்னு கேளும்மா" என்று உன் அம்மா வழியாகக் கேட்கிறாய். நானும் "வேணும்னு சொல்லு" என்று அவள் வழியாகவே பதில் அனுப்புகிறேன். அவள் இங்கும் அங்கும் நடப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ துபாய்க்கு விமானம் ஏறுகிறாய். கிளினிக் போர்டைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாய். அதற்கு முன்னால் வியாழக்கிழமை, என் கழுத்தில் கத்தி வைக்கவேண்டுமா வேண்டாமா என்று அந்த டாக்டர் முடிவு சொல்லப்போகிறார். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். இதில் ஒரு நகல் அவருக்கும் போகிறது. உனக்குத் தனி ரகசியம், அவருக்குத் தனி ரகசியம் என்று நான் நடத்திய வியாபாரம் போதும்.

முதலில் அவர் மேல் உள்ள கோபம். நீ சந்தோஷப்படு. நீ பிசியோதெரபி படித்து, பிறகு வெளிநாடு போய் கைரோபிராக்டிக் படித்து, அந்தப் பெயரை எனக்குச் சொல்லக் கற்றுக்கொடுக்கவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, நம் தெருவிலேயே கிளினிக் போட்டாய். பிள்ளையார்பாளையத்திலிருந்து தறிக் குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு செத்துப்போனவர்கள் எல்லாம் வந்தார்கள். அவர்கள் வாயில் கைரோ நுழையவில்லை, 'கைராசி கிளினிக்' என்றார்கள். நீ திருத்திக்கொண்டே இருந்தாய். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருந்தது. அதே சமயம், என் சர்க்கரைக்கும் கழுத்துக்கும் நான் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், நம் முதுகெலும்பு டாக்டர், என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே நர்ஸிடம் சொன்னார்: "நெட்டி முறிக்கிறதுக்கு ஒரு படிப்பாம், அதுக்கு ஒரு போர்டாம், போர்டுல டாக்டர்னு வேற. எங்க வீட்டு வேலைக்காரம்மாகூடத்தான் என் பேரனுக்குத் திருஷ்டி சுத்தி நெட்டி முறிக்குது. அதுக்கும் ஒரு போர்டு மாட்டட்டுமா?" நர்ஸ் சிரித்தாள். பாப்பா, நானும் சிரித்தேன். அது என் மகள் சார் என்று சொல்லவேண்டிய இடத்தில் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகம் எரிகிறது. அவர் நல்ல டாக்டர்தான். பெரிய படிப்பு. ஊரில் எத்தனையோ பேரின் எலும்பைக் கூட்டியவர். சொந்த நாக்கில் எலும்பு இல்லாததை மட்டும் யாரும் அவருக்கு எக்ஸ்ரே எடுத்துக் காட்டவில்லை.

இப்போது உன் முறை. அவர் சொன்னது உன் காதுக்கு வந்த அன்று நீ என்ன செய்தாய்? உன் கிளினிக்கில் சட்டம் போட்டாய். "அவர் எழுதின பேப்பரை இங்க பிரிக்காதீங்க. எல்லாருக்கும் ஒரே வார்த்தை, ஆபரேஷன். கத்தியைத் தவிர வேற எதுவும் தெரியாது அவருக்கு." வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கே அது கேட்டதென்றால் உள்ளே படுத்திருந்த நோயாளிக்கு எப்படிக் கேட்டிருக்கும்! அவர் உன் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறார், நீ அவர் பெயரைக் கேட்டால் பல்லைக் கடிக்கிறாய். முகத்துக்கும் பல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது ஜனங்களின் முதுகு.

ஒரு நாள் உன் கிளினிக்கில் முறைக்குக் காத்திருந்த முனியம்மா, இடுப்பில் நீ ஒட்டிவிட்ட நீலப் பட்டையைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நாளிக்கு ஆஸ்பத்திரி போவணும்பா. போறதுக்கு முன்ன இத்த பிச்சிடணும். பார்த்தா அந்த டாக்டரு பேய் மாதிரி கத்துவாரு."

"பிச்சா வலிக்காதாம்மா?"

"வலிக்குது, இன்னா பண்றது? அங்க போவ சொல்ல பட்டையைப் பிச்சிட்டுப் போறேன். இங்க வர சொல்ல மாத்திரையைச் சுருக்குப் பையில ஒளிச்சிக்கினு வரேன். ரெண்டு பேருக்கும் நல்லவளா இருக்கணும் இல்ல? நான் பொறந்த வீட்டுக்கும் வாக்கப்பட்ட வீட்டுக்கும் நடுவுலகூட இவ்ளோ பொய் சொன்னதில்லப்பா!"

முனியம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் குப்பைத்தொட்டியைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. உள்ளே நீலப் பட்டைகள். முனியம்மாவுடையது மட்டும் இல்லை, ஒரு கைப்பிடி இருக்கும். நீ கவனமாக அளந்து, முனை மடங்காமல் வளைத்து வெட்டி ஒட்டியவை. உங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இந்த ஊரில் இருந்த ஒரே இடம் அந்தத் தொட்டிதான். அதையும் நீங்கள் பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன்.

பார்த்தவன் திருந்தினானா என்றால் அதுவும் இல்லை. உன் அப்பன் சின்ன வயதில் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். வாத்தியார் நாற்காலியில் பசை, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஒரு செருப்பு மட்டும் காணாமல் போவது, யாரோ ஒரு பெண் பெயரில் அண்ணனுக்குக் காதல் கடிதம். பொய் எனக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகு அதிலிருந்து ஓய்வு வாங்கியிருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை மறுபடியும் வேலைக்கு எடுத்தீர்கள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "கழுத்துல தண்டுவடம் நசுங்குது. பாரம் தூக்கக்கூடாது. முக்கியமா, யாரும் கழுத்தைத் திருப்பக்கூடாது. அந்தப் பொண்ணுகிட்ட போனேன்னு தெரிஞ்சுது, இந்த வாசலை மிதிக்காதே" என்றார். முதல் மூன்று வாக்கியங்களோடு நிறுத்தியிருந்தால் நேராக உன்னிடம் வந்து அப்படியே ஒப்பித்திருப்பேன். நாலாவது வாக்கியம் வந்ததும் என் பழைய புத்தி விழித்துக்கொண்டது. முப்பது வருடம் பட்டுக்கடைப் பாயில் உட்கார்ந்து விரித்துக் காட்டுவதையே தொழிலாகச் செய்தவன், ஸ்கேன் உறையை உன் அம்மாவின் அரக்குப் பட்டுக்குள் வைத்து மடித்து பீரோவில் அடுக்கினேன். அவள் அந்தச் சேலையைக் கல்யாணத்துக்குத்தான் எடுப்பாள், நம் வீட்டில் அருகில் கல்யாணம் எதுவும் இல்லை என்பது என் கணக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. வைகாசி கருட சேவைக்குப் பத்து நாள்தான் இருந்தது. பத்தொன்பது வயதுக்கு முன்னாலிருந்தே பெருமாளைத் தோளில் ஏற்றிய உடம்பு இது. ஸ்கேன் வெளியே வந்தால் இந்த வருடம் கூட்டத்தோடு நின்று கும்பிடவேண்டும். அதனால் உன்னிடம் வந்தேன், "புடிச்சிக்கினு இருக்குதுமா, ஒரு திருப்பு திருப்பி விடு" என்றேன். நீ என்னைப் படுக்கவைத்தாய். கழுத்தில் கைவைத்தாய். வழக்கமாக வைத்ததும் திருப்பிவிடுகிறவள், அன்றைக்கு நிறுத்தினாய். விரலை ஒரே இடத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாய்.

"அப்பா, கை மரத்துப்போகுதா?"

"ச்சே, சேலை விரிச்ச அலுப்பு."

"ஸ்கேன் ஏதாவது எடுத்தியா?"

"இல்லமா."

"நெஜமா?"

"உன் மேல சத்தியமா" என்று சொல்ல வாயெடுத்தேன், அதை மட்டும் விழுங்கிவிட்டு "நெஜமா" என்றேன். நீ திருப்பினாய். டக்கென்று சத்தம் வந்தது. எழுந்து உட்கார்ந்து உன் அம்மா கொடுத்த காபி டம்ளரை வாங்கினேன். டம்ளர் தரையில் கிடந்தது. கை அப்படியே நீட்டினபடி இருந்தது, எதையோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. உன் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி எடுக்கப் போன உன் அம்மா, நாலு பேர் பார்க்க வருவார்களே என்று அரக்குப் பட்டைப் பிரித்திருக்கிறாள், ஸ்கேன் காலடியில் விழுந்தது. என் கணக்கு தப்பியது. எனக்கு உடம்பு சரியில்லாததும் அவளுக்குப் பட்டுக் கட்டுகிற விசேஷம்தான் என்று எனக்குத் தெரியாமல் போனது. டாக்டர் வராந்தாவில் நின்று, வெளிநோயாளிகள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "கேக்காம கொள்ளாம கழுத்தை முறிச்சு அனுப்பியிருக்கா" என்று கத்தினார். நீ வீட்டிலிருந்து போன் போட்டு, அவர் அதை ஸ்பீக்கரில் வைக்க, "உங்க பேஷன்டை நீங்க ஒழுங்கா பயமில்லாம பேச விட்டிருந்தா அவர் ஏன் மறைக்கிறாரு?" என்று கத்தினாய். அவர் "என் பேஷன்ட்" என்றார். நீ "என் பேஷன்ட்" என்றாய். நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை சத்தத்தில் ஒரு தடவைகூட நீ "என் அப்பா" என்று சொல்லவில்லை. அத்தனை சத்தத்தில் ஒரு தடவைகூட அவர், கழுத்தைத் தொடும்போது என்ன தெரிந்தது என்று உன்னைக் கேட்கவில்லை. நீ ஸ்கேனில் என்ன இருக்கிறது என்று அவரைக் கேட்கவில்லை. யார் மேல் தப்பு என்பதில் இரண்டு பேரும் நிபுணர்கள். என் விரலை நீட்டி மடக்கச் சொல்லிப் பார்த்தது, பேஷன்ட்டைத் தள்ளிக்கொண்டு போக வந்த ஆயாம்மா! "இன்னா நைனா, சுண்டு வெரலு வரலியா?" என்று அவள்தான் கேட்டாள். உங்கள் இரண்டு பேரின் பட்டங்களையும் சேர்த்து அடுக்கினால் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகுமா?

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. உன் பெரியப்பாவின் நொண்டல். அந்த நடையைப் பார்த்து வளர்ந்ததால்தான் இந்தப் படிப்புக்கே போனேன் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். மாதம் இரண்டு தடவை அவர் முழங்காலை மடியில் வைத்துக்கொண்டு, "இது எப்படி ஆச்சு பெரிப்பா?" என்பாய். "பள்ளம்மா" என்பார் அவர். அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. பெருமாள் வாகனத்தைத் தூக்குகிறபோது பின் தண்டில் தோள் கொடுத்தவனுக்கு சாலை தெரியாது. முன்னால் வாகனம் மறைக்கும், சுற்றிலும் ஜனம். முன் தண்டில் இருப்பவன் பள்ளத்தைப் பார்த்ததும் "பள்ளம்" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரலை நம்பித்தான் பின்னால் இருப்பவன் காலை வைப்பான். கல் இருந்தால் "கல்லு", மேடு என்றால் "மேடு". அந்த வருடம் முன் தண்டில் நான். எனக்கு நேர் பின்னால் அண்ணன். நாலு நாளாக நாங்கள் பேசுவதில்லை. மண்டபத்தில் அவர் தூங்கும்போது வேட்டி நுனியைத் தூணில் கட்டிவைத்தேன், எழுந்தவர் பெண்கள் முன்னிலையில் அவமானப்பட்டார், என்னை எல்லோர் முன்னாலும் அறைந்தார். அறை வாங்கிய கன்னத்தோடு ராஜ வீதித் திருப்பத்துக்கு வந்தேன். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். பார்த்தேன். தாண்டினேன். வாயைத் திறக்கவில்லை. அவனோடுதான் பேச்சு இல்லையே, நான் ஏன் சொல்லவேண்டும் என்று இருந்துவிட்டேன். அத்தனை பாரத்தோடும் அவர் கால் உள்ளே போனது. முழங்கால் திரும்பியது. தண்டை மட்டும் அவர் தோளிலிருந்து விடவில்லை. அடுத்த ஆள் வந்து தோள் மாற்றும்வரை ஒற்றைக்காலில் நின்றார். அதுதான் அவர் கடைசியாகத் தூக்கியது.

இருட்டில் கவனிக்கவில்லை என்று அன்றைக்குச் சொன்னேன், ஊர் நம்பியது. போன செவ்வாய்க்கிழமை அண்ணன் வீட்டுக்கு, ஓரிக்கைக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து, "அண்ணா, அந்தப் பள்ளத்த நான் பார்த்தேன்" என்றேன்.

அவர் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "தெரியும்டா" என்றார்.

"எப்படி?"

"நீ தாண்டுனப்ப தண்டு ஒரு விரக்கடை தூக்குச்சு. தோள்ல தெரிஞ்சிது. ஏதோ இருக்குதுன்னு தெரிஞ்சிது. இவன் சத்தம் குடுப்பான், சத்தம் குடுப்பான்னு பார்த்துக்கினே இருந்தேன். அதுக்குள்ள கால் பூடுச்சு."

பாப்பா, எனக்கு உடனே உன் விரல்தான் ஞாபகம் வந்தது. என் கழுத்தில் வைத்து, நிறுத்தி, ஏதோ இருக்கிறது என்று தெரிந்து, நான் சத்தம் கொடுப்பேன் என்று காத்திருந்த விரல். உன் பெரியப்பாவுக்குச் செய்ததையே உனக்கும் செய்தேன். இது என் தப்பு. இதை நான் யாருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்போவதில்லை. ஆனால் உன்னிடமும் அவரிடமும் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விடப்போவதும் இல்லை. ஒரே ஆளைத்தான் இரண்டு பேரும் தூக்குகிறீர்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். யார் முன் தண்டு, யார் பின் தண்டு என்று சண்டை போட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கவலை இல்லை. பள்ளத்தைப் பார்த்தவர் குரல் கொடுக்கவேண்டாமா? முனியம்மாவின் சுருக்குப் பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அவள் இடுப்பில் பட்டை இருந்தது அவருக்குத் தெரியாது. இதற்கு மருத்துவம் என்று பெயரா? பேசாமல் இருந்துவிட்டு ரோஷம் என்று பெயர் வைத்துக்கொள்ள நான் பத்தொன்பது வயதுப் பயலாக இருந்தேன். உங்களுக்கு என்ன வயது?

துபாயிலும் ஒரு டாக்டர் இருப்பார். அங்கேயும் யாராவது நெட்டி முறிக்கிறவள் என்பார்கள், அவர்கள் பாஷையில். அப்போது இன்னொரு போர்டைக் கழற்றி இன்னொரு ஊருக்குப் போவாயா? பேப்பரைப் பிரிக்காதே என்று சொல்லாதே, பிரித்துப் படி. உனக்கு வேண்டாத ஆள் எழுதியது என்றால் இரண்டு தடவை படி. சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிட்டு அவருக்கு நாலு வரி எழுது. என்னைப் போல "இல்லமா" என்று ஒருவன் இளித்துக்கொண்டு சொன்னால், நம்பாதே. பெற்ற அப்பனாக இருந்தால் கட்டாயம் நம்பாதே.

நேற்று காலை நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான், பொய் சொல்லவில்லை. உள்ளே போனதும், உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன்: "சார், அந்த நெட்டி முறிக்கிற பொண்ணு என் பொண்ணு."

அவர் பேனாவை மூடினார். "ரெண்டு வருஷமா இங்க வர்றே. ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீங்க சொல்ற மாதிரியா சார் வெச்சிருந்தீங்க? திருஷ்டி சுத்திக்கினு இருந்தீங்களே."

நர்ஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். அவர் என் ஸ்கேனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "திருப்புறதுக்கு முன்னாடி ஸ்கேன் இருக்கான்னு கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டா சார். கையை வெச்சதும் நிறுத்திட்டா. கை மரத்துப்போகுதான்னும் கேட்டா. நான்தான் இல்ல இல்லன்னேன்."

"நிறுத்திச்சா?" என்றார். இன்னொரு தடவை, தனக்குள்ளேயே, "நிறுத்திச்சா" என்றார். வராந்தாவில் கத்தியது அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். காது நுனி சிவந்தது. மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. நீயும் அதை எதிர்பார்த்துக்கொண்டு வராதே. "எங்க விரலை வெச்சப்ப நிறுத்திச்சு, அதுக்கு முன்னாடி கழுத்து எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புச்சு, இதெல்லாம் அது குறிச்சு வெச்சிருக்குமா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷ நோட்டு இருக்குது சார். அவ காய்கறிச் சீட்டைக்கூட தேதி போட்டு எழுதுவா."

"அது எனக்கு வேணும். வெட்டறதா வேணாமான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வேணும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லு." பிறகு நர்ஸிடம், "சிஸ்டர், அன்னிக்கு இந்த ஸ்டூலை எடுத்துட்டு ரெண்டு நாற்காலி போடுங்க" என்றார்.

அவர் குரல் கொடுத்துவிட்டார், பாப்பா. கரகரப்பான குரல்தான். கேட்டதை உனக்குச் சொல்லிவிட்டேன்.

உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போக எனக்கு ஆயிரம் வழி தெரியும். மயக்கம் வருகிறது என்று நடிக்கலாம். பாஸ்போர்ட்டை ஒளித்துவைத்துவிட்டு ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அரக்குப் பட்டுக்கு இரண்டு சேலை கீழே. ஆனால் இந்தத் தடவை எந்தத் தந்திரமும் இல்லை. வந்தால் நீயாக வா. வராவிட்டால் நோட்டையாவது கொடுத்தனுப்பு, நான் கோபித்துக்கொள்வேன், ஆனால் எடுத்துக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் ஏறு, வேண்டாமென்று சொல்லமாட்டேன். பேச்சை இங்கே பாதியில் விட்டுவிட்டு மட்டும் ஏறாதே.

வியாழக்கிழமை பத்தரைக்கெல்லாம் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் நிற்பேன். உன் அம்மாவை அன்றைக்குச் சீக்கிரமே கோயிலுக்கு அனுப்பிவிடுவேன், அவளிடமும் ஏன் என்று சொல்லித்தான். பொத்தான் போட என் கைக்கு வராது. திறந்த சட்டையோடு, உன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்பா